கவசத்துக்கு வாய் முளைத்த நாள்

— அது வாய்தான் அண்ணே. நல்லாப் பாருங்க.

— வாயா? இங்க மைக்குக்கிட்ட நின்னு பாத்தா, கறுப்புத் திரையில யாரோ ரெண்டு ஆரஞ்சுச் சுளைய ஒட்டி வச்ச மாதிரி இருக்கு, ரைட்டரம்மா.

— நெடுங்கலம் ஏழாம் பாகத்துக்கு ரொம்பக் காவல். திரை முழுக்கக் கறுப்படிச்சு, பேசறவங்க வாய் மட்டும் தெரியற மாதிரி ஒரு வட்டம் வச்சு அனுப்பியிருக்காங்க. படம் வர்றதுக்கு முன்னாடி தமிழ்ல டப் பண்ற நம்ம மூலமா கதை வெளிய போயிடக் கூடாதாம்.

— மத்தவங்களுக்கு வட்டம் வரும். கேப்டனுக்கு வாய் வரும், டாக்டரம்மாவுக்கு வாய் வரும், அந்தப் பேசற மெஷினுக்குக் கூட ஒரு ஓட்டை இருக்கும். நான் பேசற கவசத்துக்கு ஏது? பதினெட்டு வருஷமா, ஆறு பாகமா, தலையில ஹெல்மெட்டோட நிக்கறான். அதானே நம்ம வசதி. உதட்டப் பாத்துப் பேச வேணாம். எங்க வேணா ஆரம்பிப்பேன், எங்க வேணா முடிப்பேன்.

— அந்த சொகமெல்லாம் இன்னியோட சரி. கடைசி சீன்ல கவசம் ஹெல்மெட்டக் கழட்டறான். அவங்க அனுப்பின சீன் பேப்பர்ல போட்டிருக்கு.

— கழட்டறானா? யாரக் கேட்டுக் கழட்டறான்?

— உங்களக் கேக்கணுமா?

— கேக்கணும்ல? எங்க தெருவுல என் சொந்தப் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. கவசம் வீடு எதுன்னு கேட்டாத்தான் வழி சொல்றாங்க. பொண்டாட்டி ஃபோன்லயே கவசம்னுதான் போட்டு வச்சிருக்கா. பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டி முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரிசையா வந்து, "அந்தக் கதவு வசனத்த ஒரு தடவ சொல்லுங்க"ன்னு நின்னாங்க. பொண்ணப் பெத்தவன்னு ஒருத்தனும் திரும்பிப் பாக்கல.

— சரி சரி. முதல்ல வாயப் பாத்துப் பழகுங்க. ஓட விடறேன்.

— விடு. ம்... ம்... இதென்ன, மீசையக் காணோம்?

— விண்வெளியில எவன் மீசை வளக்கறான்?

— பதினெட்டு வருஷமா நான் அந்த ஹெல்மெட்டுக்குள்ள ஒரு மீசையோடதான் பேசிட்டு இருக்கேன். என் மனசுல அவனுக்கு மீசை உண்டு. இது மொழுமொழுன்னு இருக்கு. உதட்டோரத்துல மச்சம் வேற. அழகாத்தான் இருக்கான் பய.

— ஒரிஜினல் சத்தம் போடறேன், வார்த்தை புரியாதபடி கலைச்சுத்தான் அனுப்பியிருக்காங்க. ஹெட்ஃபோன மாட்டுங்க... கேட்டுச்சா?

— இன்னொரு தடவ போடு.

— கேட்டுச்சா இல்லியா?

— டாக்டரம்மா குரல் எதுக்கு இதுல கலந்து வருது?

— டாக்டரம்மா இந்த சீன்லயே இல்ல அண்ணே.

— அப்போ பேசறது யாரு?

— அந்த வாய்.

— ரைட்டரம்மா.

— சொல்லுங்க.

— அது பொம்பள வாய்.

— ஆமா.

— கவசத்துக்குள்ள பொம்பளையா?

— எனக்கும் இப்பத்தான் தெரியும். சத்தியமா. அண்ணே, எங்க போறீங்க? கதவத் திறக்காதீங்க, ஏசி போயிடும்.

— எங்கயும் போகல. உக்காந்துக்கறேன். இஞ்சினியர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடு. அவரு முன்னாடி அழுதா நாளைக்கு ஊருக்கே சொல்லிடுவாரு.

— அழறீங்களா?

— இல்ல, வேர்க்குது. கண்ணுல.

— அண்ணே, ஆறு பாகத்துலயும் அந்தக் குரல மெஷின்ல போட்டு அரைச்சுத்தானே விட்டாங்க. ஒரிஜினல்ல கேட்டாலே இரும்புப் பெட்டி இருமற மாதிரி இருக்கும். ஆம்பளையா பொம்பளையான்னு யாருக்குத் தெரிஞ்சுது? ஆறடி உயரம், தோள்பட்ட அந்த அகலம். நாம ஆம்பளன்னு நினச்சோம். உலகமே நினச்சுது.

— உலகம் நினச்சா நினச்சிட்டுப் போகட்டும். உலகம் அவன வச்சுக் கதை கட்டுச்சா? எல்லாம் நீ ஆரம்பிச்சது. ஒரிஜினல்ல அவனுக்கு இருந்தது ஒரே வசனம். "கதவ மூடு." கப்பல் ஒவ்வொரு கிரகமா நிக்கும், அழியப்போற ஊர்ல இருந்து ஜனங்க ஓடி வந்து ஏறுவாங்க, இவன் வாசல்ல நின்னு "கதவ மூடு"ம்பான். அவ்வளவுதான். காவக்காரன். நான் அன்னிக்கு அரை நாள் கூலிக்கு வந்தவன். "கதவ மூடு"ன்னு சொல்லிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். நீதான் விடல.

— அந்த ஷாட்டு நீளமா இருந்துச்சு.

— நீளமா இருந்தா? பேசாம விட வேண்டியதுதானே. நீ என்ன பண்ண? கையில பேப்பர எடுத்துட்டு வந்து, "இதச் சொல்லிப் பாருங்க, ஹெல்மெட்டுதானே, யாருக்குத் தெரியப் போவுது"ன்ன. நானும் சொன்னேன். "மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ எண்ணிப் பாருங்க. எங்க வீட்ல எண்ணாம மூடிட்டாங்க. சின்னவ வெளிய நின்னுட்டா."

— இப்பவும் உங்க குரல்ல கேட்டா சிலிர்க்குது.

— சிலிர்க்கும். தியேட்டர்ல சனம் உறைஞ்சு போச்சு. வெளிய வந்தவன் எவனும் கேப்டனப் பத்திப் பேசல, சண்டையப் பத்திப் பேசல. "யாரு அந்தச் சின்னவ? கிடைச்சாளா?"ன்னுதான் பேசினான். அப்புறம் நீ நிறுத்தினியா? ரெண்டாம் பாகத்துல, ஏறி வர்ற ஒவ்வொரு பொண்ணு முகத்தையும் அவன் தேடறான். மூணாம் பாகத்துல சின்னவ செருப்பு மாதிரி ஒண்ணப் பாத்துட்டு அதோட அளவச் சொல்லிப் புலம்பறான். நாலாம் பாகத்துல...

— நாலாம் பாகத்துல அவனுக்கு வசனமே இல்ல. அதனால தூக்கத்துல பேச வச்சேன்.

— ஆங். தூக்கத்துல. ஹெல்மெட் போட்டுட்டுத் தூங்கறவன நீ ஒருத்திதான் பேச வச்ச. இப்படி ஆறு பாகமா அவன் தங்கச்சியத் தேட விட்டுட்டு, இப்போ உள்ள இருந்து ஒரு பொம்பளையக் கொண்டாந்து நிறுத்தினா, நான் என்னத்தச் சொல்லுவேன்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்?

— ஒரு வழி யோசிப்போம். நீங்களே பொம்பளக் குரல்ல பேசிப் பாருங்களேன். கொஞ்சம் கரகரன்னு, வயசான பொம்பள மாதிரி.

— "என் பேரு..."

— வேணாம். விடுங்க.

— முழுசாக் கேளு. "என் பேரு யாருக்கும்..."

— அண்ணே, மாட்டத் தொலைச்ச பால்காரர் கத்தற மாதிரி இருக்கு. வேற யோசிப்போம். இப்படி வச்சா? அண்ணன் நாலாம் பாகத்துல கப்பல் வெடிச்சப்பவே செத்துட்டான். அவன் ஹெல்மெட்ட எடுத்து மாட்டிக்கிட்டது தங்கச்சி. அதுலேருந்து நாம பாத்ததெல்லாம் அவளத்தான்.

— அப்போ நான் நாலாம் பாகத்துலயே போய்ச் சேர்ந்துட்டேனா?

— கதைக்காகச் சொல்றேன்.

— அதுக்கப்புறம் ரெண்டு பாகம் செத்தவனுக்குப் பேசினேனா? அஞ்சாம் பாகத்துக்குத் தொண்ட கட்டி, சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொப்பளிச்சுப் பேசினேனே, அது யாருக்கு? முடியாது ரைட்டரம்மா. என்னச் சாகடிக்கறதா இருந்தா மூஞ்சிக்கு நேரா, ஒரு சீன் வச்சு, ரெண்டு பேரு அழற மாதிரி சாகடி. இப்படிப் பின்கதவு வழியா வேணாம்.

— ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லுங்க.

— நான் எதுவும் சொல்லலியே. நீதான் என்னமோ சொல்ல வந்த.

— நான் "சொல்லுங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன். நீங்கதானே பொம்பளக் குரல் எடுத்தீங்க?

— ஸ்பீக்கர்லேருந்து பேசறேன் மேடம். தலைமை ஆபீஸ். மொழிமாற்று சரிபார்க்கற பிரிவு. இஞ்சினியர் சார் லைன் போட்டுக் குடுத்துட்டுத்தான் டீ குடிக்கப் போனாரு.

— அய்யோ.

— எப்போலேருந்தும்மா லைன்ல இருக்கீங்க?

— ஆரஞ்சுச் சுளையிலேருந்து சார்.

— ரைட்டரம்மா, அந்தப் பச்ச லைட்டு ஏசிக்குன்னு சொன்ன?

— நான் அப்படித்தான் நினச்சேன். மேடம், வணக்கம். நாங்க சும்மா விளையாட்டுக்குப் பேசிக்கிட்டிருந்தோம். நாலாம் பாகத்துல தூக்கத்துல பேசினதெல்லாம்...

— தூக்கத்துல பேசினதெல்லாம் ஒரிஜினல்ல இல்ல மேடம். தெரியும். ரெண்டு பதிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் லைனுக்கே வந்தேன். தமிழ்ல கூடுதலா இருக்கற வாக்கியத்த எண்ணிட்டே வந்தேன், மூணாம் பாகத்தோட எண்ணறத விட்டுட்டேன்.

— அது வந்தும்மா, ஹெல்மெட்டுங்கறதால, மூச்சுக்கு மூச்சு இடைவெளி...

— சார், நீங்க பேச வேணாம். உங்க குரல்ல யாராவது சமாதானம் சொன்னா எனக்கு நம்பத்தான் தோணும். சின்ன வயசுலேருந்து அப்படிப் பழகிட்டேன்.

— சின்ன வயசுலேருந்தா?

— முதல் பாகம் வந்தப்போ நான் அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன். தமிழ்லதான். எனக்கு அது விண்வெளிப் படமே இல்ல மேடம். சின்னவளத் தேடற படம். பின்னால வெளியூர்ல படிக்கப் போனேன். ரூம்ல நாலு பேரு, நாலு மொழி. ஒரு நாள் பேச்சு வந்துச்சு. "நெடுங்கலம் வெறும் டமால் டுமீல் படம்"னு ஒருத்தி சொன்னா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. அந்தக் காவல்காரன் கதை தெரியுமா, சின்னவ கதை தெரியுமான்னு ஒரு மணி நேரம் சொன்னேன். ஒருத்தி அழுதா.

— பாருங்க.

— அப்புறம் எல்லாரும் உக்காந்து ஒரிஜினல்ல போட்டுப் பாத்தோம். "கதவ மூடு"ன்னான். அடுத்து ஏதாவது சொல்லுவான்னு காத்திருந்தோம். கதவு மூடிக்கிச்சு. அடுத்த கிரகம், "கதவ மூடு." ஆறு பாகமும் பாத்தோம். கதவ மூடறதத் தவிர அவன் வேற ஒண்ணுமே சொல்லல. அழுதாளே, அவளே என் மேல தலையணைய விட்டெறிஞ்சா.

— அடப் பாவமே.

— நான் சளைக்கல. உங்க ஊர்ல வெட்டிட்டாங்கன்னு சண்ட போட்டேன். கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன், முழுப் பதிப்பு எங்கன்னு. இதுதான் முழுசுன்னு பதில் வந்துச்சு. அப்பவே முடிவு பண்ணேன், இத எழுதினவங்கள ஒரு நாள் கண்டுபிடிக்கணும்னு. இந்த வேலைக்கு வந்ததே அதுக்குத்தான்.

— கண்டுபிடிச்சு என்ன பண்ணணும்னு இருந்தீங்க?

— வருஷத்துக்கு ஒரு மாதிரி இருந்துச்சு மேடம். ஒரு வருஷம் கையக் குலுக்கணும்னு. ஒரு வருஷம் தலையணைய விட்டெறியணும்னு.

— இப்போ இது எந்த வருஷம்?

— இப்போ ஆபீஸ் உத்தரவோட வந்திருக்கேன். ஒரிஜினல்ல இல்லாதது எந்த மொழியிலயும் இருக்கக் கூடாது. ஏழாம் பாகம் வர்றதுக்குள்ள பழைய பாகத்தையெல்லாம் சரிபாத்து, தப்பு இருக்கறத மறுபடி டப் பண்ணணும். புது ரைட்டர், புதுக் குரல். தமிழ்ல தப்பு இருக்கா இல்லியான்னு இன்னிக்குள்ள நான் எழுதி அனுப்பியாகணும்.

— ஆறு பாகமுமா? அழிச்சிட்டு "கதவ மூடு, கதவ மூடு"ன்னா?

— அண்ணே, உக்காருங்க. அவங்க வேலைய அவங்க செய்யறாங்க. மேடம், இவரு பேருல ஒரு தப்பும் இல்ல. எழுதிக் குடுத்தத வாசிச்சாரு. எழுதினது நான்.

— இந்தா, என்னத் தனியாக் கழட்டி விடாத. பதினெட்டு வருஷமா சேந்து பண்ண காரியம்.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம். ஷாட்டு நீளமா இருந்துச்சுன்னு சொன்னீங்க. நீளமான ஷாட்டு படம் பூரா இருக்கு. கேப்டன் ஜன்னல் வழியா நட்சத்திரத்தப் பாத்துட்டு நிக்கற ஷாட்டு அதவிட நீளம். அங்க நீங்க ஒரு வார்த்தை கூடப் போடல. இங்க மட்டும் ஏன்?

— சொன்னா சிரிப்பீங்க.

— சிரிக்கற நிலைமையில நான் இல்ல.

— அந்த ஹெல்மெட்டு அசைஞ்சுது.

— எந்த ஹெல்மெட்டு?

— கவசத்தோடது. எழுதறதுக்காக அந்தப் படத் துண்டத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். எல்லாரும் முன்னால ஓடற கேப்டனத்தான் பாப்பாங்க. நான் இவனுக்கு எழுதணுமேன்னு பின்னால நின்ன இவனப் பாத்தேன். ஆள் உள்ள ஏற ஏற, ஹெல்மெட்டு லேசாத் தாழுது. ஒருத்தர், ஒரு தாழ்ச்சி. இன்னொருத்தர், இன்னொரு தாழ்ச்சி. கடைசி ஆள் ஏறினதும் வெளியப் பாத்து ஒரு நொடி நிக்குது. அப்புறம்தான் கதவ மூடச் சொல்லுது. எண்ணறான் மேடம். எவன் அப்படி எண்ணுவான்? யாரையோ விட்டுட்டு வந்தவன்தானே? அதத்தான் எழுதினேன். நான் எதையும் புதுசா உள்ள நுழைக்கல. அங்க இருந்துச்சு. யாரும் எழுதாம விட்டிருந்தாங்க.

— இத்தன வருஷத்துல என்கிட்ட இதச் சொல்லவே இல்லியே ரைட்டரம்மா.

— நீங்க கேக்கல. "நல்லா இருக்கு, இன்னும் ரெண்டு வரி சேத்துக் குடு"ன்னுதான் கேட்டீங்க.

— ஏம்மா, லைன்லதானே இருக்கீங்க?

— இருக்கேன் சார். கடைசிப் பக்கம் உங்களுக்கு அனுப்பல இல்லியா?

— இல்ல. "வாசித்துக் காட்டப்படும்"னு போட்டிருக்கு.

— அது என் கையில இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த வாய் யாருதுன்னு சொல்லிடறேன். புதுசா நடிக்க வந்தவங்க இல்ல. முதல் பாகத்துலேருந்து அந்தக் கவசத்துக்குள்ள நின்னது அவங்கதான். சண்டைக்காட்சிக்குக் குதிக்கறவங்க. உயரமா ஆள் வேணும்னு கூட்டிட்டு வந்து, ஹெல்மெட்ட மாட்டி, வாசல்ல நிக்கச் சொல்லியிருக்காங்க. வசனம் உங்களுக்குத் தெரியும்.

— "கதவ மூடு."

— அவ்வளவுதான். வெறுமனே நிக்க அவங்களுக்குப் பிடிக்கல. நான் யாரு, எதுக்கு இந்த வாசல்ல நிக்கறேன்னு தானா யோசிச்சு, எண்ண ஆரம்பிச்சிருக்காங்க. டைரக்டர் சொல்லல. யாருக்கும் தெரியாது. ஆறு பாகமும் எண்ணியிருக்காங்க. ஏழாம் பாகத்துக்குப் புது டைரக்டர் வந்தாரு. பழைய படத்தையெல்லாம் போட்டுப் பாத்தவரு, அவங்களக் கூப்பிட்டு, "நீங்க எண்ணறீங்களா?"ன்னு கேட்டிருக்காரு. அவங்க அங்கயே தரையில உக்காந்துட்டாங்களாம்.

— என்ன சொன்னாங்களாம்?

— "இதக் கேக்க இவ்வளவு வருஷமா?"ன்னாங்களாம். அந்த அம்மா மனசுல இருந்த கதையத்தான் கடைசி சீனா வச்சிருக்காரு. உலகத்துலயே அந்த ஹெல்மெட்டு அசைஞ்சதப் பாத்தது ரெண்டு பேரு மேடம். அவரு போன வருஷம் பாத்தாரு. நீங்க பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடியே பாத்துட்டீங்க.

— தண்ணி பாட்டில் எங்க அண்ணே?

— இந்தா. மெதுவாக் குடி. பக்கத்த வாசிங்கம்மா.

— கேப்டன் கேக்கறாரு, "நீ எதுக்கு ஒவ்வொரு தடவையும் எண்ணற? யார விட்டுட்டு வந்த?" கவசம் ஹெல்மெட்டக் கழட்டறாங்க. பதில் இதுதான், அர்த்தத்த மட்டும் சொல்றேன். "நான் யாரையும் விட்டுட்டு வரல. முதல் கப்பல் கிளம்பினப்போ ஒருத்தரும் எண்ணல. கதவு மூடினப்போ நான் வெளிய நின்னேன். அடுத்த கப்பல் வந்தப்போ வாசல் வேலையக் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

— ரைட்டரம்மா.

— கேட்டேன்.

— தங்கச்சிய விட்டுட்டு வந்த அண்ணன் இல்ல அவன்.

— சின்னவளே அவதான். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் அண்ணே. குத்த உணர்ச்சியில எண்ணறான்னு நினச்சேன். விட்டுட்டுப் போனவங்க எங்க எண்ணுவாங்க? மறந்துட்டு அவங்க பாட்டுக்கு இருப்பாங்க. வெளிய நின்னவதான் எண்ணுவா. பதினெட்டு வருஷம் தலைகீழா எழுதியிருக்கேன்.

— இரு, இரு. தலைகீழா? எங்க எழுதின?

— ஆறு பாகத்துலயும்தான்.

— இல்லம்மா. நான் பேசினவன், எனக்கு வரி வரியா மனப்பாடம். "எங்க வீட்ல எண்ணாம மூடிட்டாங்க." மூடிட்டோம்னு சொன்னேனா? மூடிட்டாங்க. "சின்னவ வெளிய நின்னுட்டா." என் தங்கச்சின்னு எங்கயாவது இருக்கா?

— தங்கச்சி... மேடம், எழுதினேனா நான்?

— ஒரு நிமிஷம் மேடம், ஆறு பாகத் தமிழ் வசனமும் முன்னாலதான் வச்சிருக்கேன். தேடறேன். இல்ல. ஆறு பாகத்துலயும் அந்த வார்த்தையே இல்ல. "சின்னவ"தான் இருக்கு. தங்கச்சின்னு சொன்னது நாங்க. பாத்தவங்க.

— பாத்தியா? ரெண்டாம் பாகம். "சின்னவ முகம் எனக்கே மறந்து போச்சு." ஹெல்மெட்டப் போட்டுட்டே திரியறவளுக்குத் தன் முகமே மறக்காதா? மூணாம் பாகம். "அவ செருப்பு இந்த அளவுதான் இருக்கும்." அவளோட சின்ன வயசுச் செருப்புதானே, சரியா வருது. நாலாம் பாகம், தூக்கத்துல. "நான் இங்கதான் நிக்கறேன், இங்கதான் நிக்கறேன்." வருதா? எனக்கே மயிர் கூச்செறியுது. நான்னு சொன்னா தமிழ்ல ஆம்பள ஏது, பொம்பள ஏது? யாரு சொன்னாலும் "நிக்கறேன்"தான்.

— அஞ்சாம் பாகத்துல ஒண்ணு இடிக்குது சார்.

— எது?

— கேப்டன் "பயமா இருக்கா?"ன்னு கேக்கறாரு. நீங்க, "ஆம்பளைக்கு என்ன பயம்?"னு சொல்றீங்க.

— அண்ணே. நான் அத எழுதவே இல்லியே.

— அது... அன்னிக்கு உனக்குக் காய்ச்சல், நீ வரல. அந்த இடம் சும்மா கிடந்துச்சு. கட்டியிருந்த தொண்ட வேற அன்னிக்குத்தான் சரியாகியிருந்துச்சு.

— சொந்தமாப் போட்டீங்களா?

— ஒரே ஒரு வரி. அதுக்கு இப்படிப் பாக்காத. நீ எத்தன போட்ட?

— விடுங்க மேடம். அது இடிக்கல. யோசிச்சுப் பாத்தா அதுதான் எல்லாத்தையும்விடப் பொருந்துது. முகம் தெரியாத வரைக்கும் அவங்க யார்கிட்டயும் உண்மையச் சொல்ல வேண்டியதில்லியே. அன்னிக்கு அவங்களுக்குப் பயமாத்தான் இருந்திருக்கும்.

— பாத்தியா? அம்மாவே சொல்லிட்டாங்க. நம்ம தொண்ட தானாச் சொன்னாலும் தப்பாச் சொல்லாது.

— ரொம்பப் பெருமைப்படாதீங்க. கடைசிப் பக்கம் உங்களுக்கு இல்ல. அதுக்கு ஒரு பொண்ணுதான் பேசணும்.

— தெரியும்.

— நாளைக்குக் காலையில ஒருத்தங்க வர்றாங்க சார். நல்லாப் பேசுவாங்க. உங்களுக்கு வருத்தம்னா...

— வருத்தம் இல்லாமயாம்மா? பதினெட்டு வருஷம் குடியிருந்த வீடு. ஆனா ஒண்ணு. வீட்டுக்காரி வந்துட்டா சாவியக் குடுத்துட வேண்டியதுதான். வாடகைக்கு இருந்தவன் வாசல்ல நின்னு சண்ட போட முடியுமா?

— அண்ணே, அந்த வாக்கியத்த ஒடைச்சுப் போடலாமா? "நான் யாரையும்"னு ஆரம்பிக்கறப்போ ஹெல்மெட்டு தலையிலதானே இருக்கும், மேடம்?

— ஆமா. பேச ஆரம்பிச்ச பிறகுதான் கழட்டறாங்க.

— அப்போ "நான் யாரையும்" இவரு குரல்ல. ஹெல்மெட்டு மேல எழும்பும்போது "விட்டுட்டு வரல"ன்னு அந்தப் பொண்ணு குரல்ல. ஒரே மூச்சு. ரெண்டு பேரும் ஒரே மைக்குல, பக்கத்துல பக்கத்துல நின்னு பேசணும்.

— எனக்கு ரெண்டு வார்த்தையா?

— போதாதா?

— தாராளம். நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடறேன். அந்தப் பொண்ணு கிட்ட, பக்கத்த எடுக்கறதுக்கு முன்னாடி பழைய ஆறையும் ஒரு தடவ தமிழ்ல பாத்துட்டு வரச் சொல்லுங்கம்மா.

— பாக்க இருந்தாத்தானே அண்ணே? மேடம், உங்க உத்தரவு அப்படியேதானே இருக்கு. ஒரிஜினல்ல இல்லாதது தமிழ்ல இருக்கக் கூடாதுன்னு. நீங்க என்ன எழுதப் போறீங்க?

— எழுதி அனுப்பிட்டேன் மேடம், நீங்க பேசிட்டு இருக்கும்போதே. தமிழ்ல தப்பு எதுவும் இல்ல. ஒரிஜினல்லதான் ஆறு பாகத்துக்குக் கவசத்தோட வசனம் விட்டுப்போயிருக்கு, உடனே கவனிக்கவும்.